கர்லிங் ஆடத் தொடங்குவது எப்படி: கல்லும் பனியும் நால்வரும்

கர்லிங் என்பது 20 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள கிரானைட் கல்லைப் பனிக்கட்டித் தளத்தின்மேல் வழுக்கவிட்டு, தளத்தின் மறுகோடியில் வரையப்பட்டுள்ள வட்டங்களின் நடுவே கொண்டுபோய் நிறுத்தும் ஆட்டம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது குறிபார்த்து எறியும் ஆட்டமாகத் தோன்றும். புதிதாகக் கற்க வருபவர்களும் பெரும்பாலும் குறியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உண்மையில் இதன் உயிர்நாடி வேகத்தில் இருக்கிறது. கல் எங்கே நிற்கும் என்பதை மட்டுமல்லாமல், வழியில் எவ்வளவு வளையும் என்பதையும் வேகமே முடிவு செய்கிறது: மெதுவாகச் செல்லும் கல் அதிகம் வளையும், விரைந்து செல்லும் கல் குறைவாக வளையும். கையைவிட்டுப் போன பிறகும் கல் அணியின் பொறுப்பிலேயே இருக்கிறது என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நிதானமாக விடப்பட்ட ஒரு கல் மறுகோடியில் போய் நிற்க 20 நொடிக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுவதும் இருவர் அதன் முன்னே பனியைத் தேய்த்தும், ஒருவர் எதிர்முனையில் நின்று குரல் கொடுத்தும் அதை நடத்திச் செல்கிறார்கள். எனவே கல்லை விடுபவரின் திறமையை மட்டும் விளக்கும் வழிகாட்டி பாதி வழிகாட்டியே ஆகும். வேகத்தை உடலால் உணர்வது, உணர்ந்ததைத் தாமதமின்றி மற்ற மூவருக்கும் சொல்வது ஆகிய இரண்டையும் மையமாக வைத்தே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

ஆட்டம் வந்த வழி

இந்த ஆட்டம் ஸ்காட்லாந்தின் உறைந்த குளங்களிலும் ஏரிகளிலும் வளர்ந்தது. டன்பிளேன் ஊரில் நீர் வடிக்கப்பட்ட பழைய குளம் ஒன்றில் கிடைத்த கல்லில் 1511 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. பெய்ஸ்லி நகரத்து ஆவண எழுத்தர் ஒருவர், அங்கிருந்த மடாலயத்தின் துறவி ஜான் ஸ்கிளேட்டருக்கும் மடாதிபதியின் சார்பாளரான கேவின் ஹாமில்டனுக்கும் இடையே பனிக்கட்டியின்மேல் கல் விடும் போட்டிக்கு விடுக்கப்பட்ட அறைகூவலை 1541ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலத்தீன் மொழியில் பதிவு செய்திருக்கிறார். அக்காலத்துக் கற்கள் ஆற்றங்கரையிலிருந்து எடுக்கப்பட்டவை. கைப்பிடி இல்லாமல், விரல் நுழைக்கக் குடையப்பட்ட பள்ளங்களோடு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவிலும் எடையிலும் இருந்தன. 1838இல் எடின்பரோவில் நிறுவப்பட்ட கிராண்ட் கலிடோனியன் கர்லிங் கிளப்தான் விதிகளையும் கற்களையும் ஒரு சீருக்குக் கொண்டுவந்தது. 1842இல் விக்டோரியா அரசியார் ஸ்காட்லாந்துக்கு வந்தபோது, ஸ்கோன் அரண்மனையில் மெருகேற்றிய நடனக் கூடத்தின் தரையில் இந்த ஆட்டம் அவருக்கு விளக்கிக் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டே அந்தக் கிளப்பின் பெயரில் 'ராயல்' என்ற சொல் சேர்ந்தது.

கடல் கடந்து சென்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்த ஆட்டத்தைக் கனடாவுக்குக் கொண்டுபோனார்கள். மான்ட்ரியல் நகரில் 1807இலேயே ஒரு கிளப் தொடங்கப்பட்டது. நீண்ட குளிர்காலமும், பின்னாளில் எழுந்த கூரையிட்ட அரங்குகளும் கனடாவை இந்த ஆட்டத்தின் பெருநிலமாக்கின. ஸ்காட்லாந்திலோ, நாட்டின் வடபகுதியும் தென்பகுதியும் திறந்த ஏரியில் மோதும் 'கிராண்ட் மேட்ச்' என்ற பெரும்போட்டி கடைசியாக 1979இல் மென்டீத் ஏரியில் நடந்தது. அவ்வளவு பேரைத் தாங்கும் தடிமனுக்கு ஏரி உறைவது அரிதாகிவிட்டது. திறந்தவெளியில் ஆடிய அந்தக் காலத்தை நினைவில் வைத்துக்கொண்டால் ஆட்டத்தின் பல பழக்கங்கள் எளிதில் விளங்கும். துடைப்பம் ஏந்தும் வழக்கமே, கல்லின் பாதையில் விழுந்து கிடந்த வெண்பனியை அகற்றுவதற்காகத்தான் வந்தது.

கல்லும் தளமும்

உலகப் போட்டிகளில் வழுக்கிச் செல்லும் கற்களின் கதை ஒரே ஒரு சிறு தீவில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால், கிளைடு முகத்துவாரத்தில் எழுந்து நிற்கும் எய்ல்சா கிரெய்க் என்பது பழைய எரிமலை ஒன்றின் அடைப்புப் பாறை. இன்று மனிதர் குடியிருக்காத பறவைச் சரணாலயம். அங்கே கிடைக்கும் நுண்மணிக் கிரானைட்டில் இரண்டு வகைகள் இந்த ஆட்டத்துக்கு வாய்த்தவை. 'புளூ ஹோன்' என்பது நீரை உள்ளே விடாத தன்மையுடையது. ஆகவே பனியோடு உரசும் அடிப்பகுதிக்கு ஏற்றது, ஏனெனில் நீர் புகுந்து உறைந்தால் கல்லின் மேற்பரப்பு பொரிந்துவிடும். 'காமன் கிரீன்' என்பது மோதலைத் தாங்குவது. ஆகவே அது கல்லின் உடலாகிறது. 1851 முதல் இக்கற்களைச் செதுக்கிவரும் கேஸ் நிறுவனம் மாக்லின் என்ற ஊரில் இருக்கிறது. வேல்ஸ் நாட்டின் டிரெஃபோர் கிரானைட்டிலும் நல்ல கற்கள் செய்யப்படுகின்றன. கனடாவின் பல அரங்குகளில் அவற்றைக் காணலாம்.

விதிப்படி ஒரு கல்லின் எடை 17.24 கிலோவுக்குக் குறையாமலும் 19.96 கிலோவுக்கு மிகாமலும் இருக்க வேண்டும், சுற்றளவு 91.44 செ.மீ.க்கு மேற்படக் கூடாது. அதன் அடிப்பக்கம் தட்டையானதன்று என்பதே கற்பவர் முதலில் அறிய வேண்டியது. நடுவே குழிந்து, சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையம் மட்டுமே பனியைத் தொடுகிறது. அந்த மெல்லிய வளையத்தில் ஒரு தலைமுடியோ துடைப்பத்தின் இழையோ சிக்கினாலும் கல் தன் பாதையை விட்டு விலகிச் சென்றுவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் கல்லைச் சற்றே சாய்த்து, அடிப்பகுதியைக் கையாலோ துணியாலோ துடைத்துவிட்டே விட வேண்டும். முன்னால் உள்ள பனியையும் ஒருமுறை துடைப்பது நன்று. கல்லை ஒருபோதும் தூக்கக் கூடாது. அதை எப்போதும் தளத்தின்மேல் தள்ளியே நகர்த்த வேண்டும்.

ஆடுதளம் 45.72 மீட்டர் நீளமும் அதிகபட்சம் 5 மீட்டர் அகலமும் கொண்டது. இரு முனைகளிலும் 'ஹவுஸ்' எனப்படும் வட்டங்கள் உள்ளன. வெளிவட்டத்தின் ஆரம் 1.83 மீட்டர், நடுப்புள்ளிக்குப் 'பட்டன்' என்று பெயர். பட்டனின் குறுக்கே செல்லும் கோடு 'டீ கோடு'. அதிலிருந்து 6.4 மீட்டர் முன்னால் இருப்பது 'ஹாக் கோடு'. விடுபவர் தம் பக்கத்து ஹாக் கோட்டை அடைவதற்குள் கல்லிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும், எதிர்ப்பக்கத்து ஹாக் கோட்டை முழுமையாகக் கடக்காத கல் ஆட்டத்திலிருந்து நீக்கப்படும். வட்டங்களுக்குப் பின்னால் காலை ஊன்றி உந்துவதற்கென ரப்பர் பதித்த 'ஹேக்' இருக்கிறது.

இந்தத் தளம் கண்ணாடிபோல் வழவழப்பானதாக இருக்கும் என்று பலர் எண்ணிக்கொண்டு வருகிறார்கள். அப்படி இருந்தால் கல் பாதி தூரம்கூடப் போகாது. ஆட்டத்துக்கு முன்னால் தளக்காப்பாளர் முதுகில் நீர்க்கலனைச் சுமந்து, பின்னோக்கி நடந்துகொண்டே சிறுசிறு நீர்த்துளிகளைத் தெளிக்கிறார். அவை உடனே உறைந்து, 'பெபிள்' எனப்படும் நுண்ணிய மேடுகளாகின்றன. பிறகு ஒரு கத்தியால் அவற்றின் உச்சிகள் ஒரே மட்டத்துக்குச் சீவப்படுகின்றன. கல்லின் வளையம் அந்த உச்சிகளின்மேல் மட்டுமே படுவதால் உராய்வு வெகுவாகக் குறைகிறது. ஆட்டம் செல்லச்செல்ல இந்த மேடுகள் தேயும். எனவே முதல் சுற்றில் இருந்த தளம் எட்டாவது சுற்றில் இருக்காது. உள்ளங்கையையோ முழங்காலையோ பனியில் ஊன்றியபடி சற்று நேரம் இருந்தால் அந்த இடத்தில் மேடுகள் உருகி ஒரு வழுக்கைத் திட்டு உண்டாகும். மறுகோடியிலிருந்து வரும் யாரோ ஒருவரின் கல்லை அது கெடுக்கும் என்பதால், இதைப் புதியவர்கள் மிகவும் கவனிக்க வேண்டும்.

தளத்தில் கால் வைக்கும் முன்

இறுக்கமில்லாத, நன்றாக வளைந்துகொடுக்கும் கால்சட்டையும், மெல்லிய சில அடுக்குகளாக அணியும் மேலாடையும் போதும். காலணி சுத்தமாக இருக்க வேண்டும். தெருவில் நடந்த காலணியோடு தளத்தில் ஏறுவது மணலைக் கொண்டுவந்து கொட்டுவதற்கு ஒப்பாகும். வலக்கைக்காரரின் இடக்காலணியின் அடியில் 'ஸ்லைடர்' எனப்படும் வழுக்குத் தகடும், வலக்காலில் பனியைப் பற்றும் ரப்பர் அடியும் இருக்கும். தளத்தில் ஏறும்போது பிடிமானமுள்ள காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வழுக்கும் காலை முதலில் எடுங்கள். கல் விடும் நேரம் தவிர மற்ற நேரங்களில் ஸ்லைடரின்மேல் ரப்பர் உறையை மாட்டிக்கொள்வதே பாதுகாப்பு. பின்னோக்கி நடக்காதீர்கள், ஓடும் கல்லைத் தாண்டாதீர்கள், சறுக்கினால் பின்புறம் கையை ஊன்றாமல் முழங்கால்களை மடக்கித் தாழ்ந்துவிடுங்கள். பின்தலை அடிபடுவதே இங்கு உள்ள பெரிய ஆபத்து. தலைக்காப்பு அணிவதில் யாரும் தயக்கம் காட்ட வேண்டியதில்லை.

கல்லை விடுதல்

இங்கே சொல்பவை வலக்கைக்காரருக்கானவை. இடக்கைக்காரர் இடம்வலமாக மாற்றிக்கொள்ளலாம். நடுக்கோட்டுக்கு இடப்புறமுள்ள ஹேக்கில் வலப்பாதத்தின் முன்பகுதியை ஊன்றி, எதிர்முனையில் அணித்தலைவரான 'ஸ்கிப்' நீட்டியிருக்கும் துடைப்பத்தை நேராக நோக்கிக் குந்துங்கள். இடப்பாதம் சற்று முன்னால் தட்டையாக இருக்கட்டும். கல் வலக்கால் விரல்களுக்கு நேர் முன்னே இருக்க, இடக்கையில் பிடித்த துடைப்பம் இடப்பக்கமாகச் சாய்ந்து உடலுக்கு ஆதரவு தரட்டும். இப்போது இடுப்பைச் சற்று உயர்த்தி, கல்லைப் பின்னோக்கி இழுத்து, இடக்காலையும் அதனோடு பின்னால் கொண்டுவாருங்கள். ஒரு கணம் நிதானித்து, முதலில் கல்லையும் அடுத்து இடக்காலையும் முன்னால் செலுத்தி, வலக்காலால் ஹேக்கை உந்துங்கள். கல் முதலில், கால் பிறகு என்ற வரிசை தவறினால் கல்லைச் சுற்றிக்கொண்டு போக நேரும். திசை அங்கேயே கெட்டுவிடும். சறுக்கும்போது இடப்பாதம் மார்புக்கு நேர்கீழே, கல்லுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வலக்கால் பின்னால் நீண்டு இழுபட வேண்டும்.

உடலின் எடை முழுவதும் இடப்பாதத்தின்மேல் நிற்க வேண்டும் என்பதில்தான் புதியவர்களில் பெரும்பாலோர் திணறுகிறார்கள். அவர்கள் தம்மை அறியாமலேயே கல்லின்மேல் சாய்ந்துகொள்கிறார்கள். கையை எடுக்கும் கணத்தில் நிலைகுலைகிறார்கள், அந்தத் தடுமாற்றம் கல்லுக்கும் போய்ச் சேர்கிறது. ஆகவே கல் இல்லாமல் சறுக்கப் பழகுவதையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளுமாறு வலியுறுத்துவேன். கல்லோடு சறுக்கத் தொடங்கிய பிறகும், பாதி வழியில் வலக்கையைக் கைப்பிடியிலிருந்து ஓர் அங்குலம் உயர்த்திப் பாருங்கள். உடல் அசையாமல் சறுக்கிக்கொண்டே போனால் எடை சரியான இடத்தில் இருக்கிறது. இந்த நீண்ட சறுக்கல் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. முற்காலத்தவர் ஹேக்கைவிட்டு அதிகம் நகராமலே கல்லை விட்டார்கள். கனடாவின் வின்னிபெக் நகரைச் சேர்ந்த கென் வாட்சன்தான் நெடுந்தூரம் சறுக்கியபடி விடும் முறையைப் பரவலாக்கினார். 1936, 1942, 1949 ஆகிய ஆண்டுகளில் கனடாவின் தேசியப் பட்டமான பிரையரை அவர் வென்றது அந்த முறைக்குக் கிடைத்த சான்றாயிற்று.

அடுத்தது சுழற்சி. கைப்பிடியை உள்ளங்கையால் இறுக்காமல் விரல்களின் உட்புறத்தால் பற்றுங்கள். கடிகார முகத்தை மனத்தில் கொண்டு, கைப்பிடியைப் பத்து மணித் திசையில் வைத்துத் தொடங்கி, விடுவதற்கு முந்தைய கடைசி ஒரு மீட்டரில் மெல்லப் பன்னிரண்டுக்குத் திருப்பி விட்டால் கல் கடிகாரச் சுற்றில் சுழன்று வலப்பக்கம் வளையும். இரண்டு மணித் திசையில் தொடங்கிப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தால் எதிர்ச்சுற்றில் சுழன்று இடப்பக்கம் வளையும். தளம் முழுவதையும் கடப்பதற்குள் கல் இரண்டரை அல்லது மூன்று சுற்று சுழன்றால் போதும். சுழற்சியே தராமல் விட்டால் கல் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது; மிக வேகமாகச் சுழற்றினால் வளைவு குறைந்துபோகும். விடும்போது கை ஒருவரோடு கைகுலுக்கும் நிலையில் முடிய வேண்டும்.

சுழலும் கல் ஏன் இப்படி வளைகிறது என்பது இயற்பியலாளர்களிடையே இன்னும் தீராத விவாதம். ஒரு கண்ணாடிக் குவளையை மேசைமேல் கவிழ்த்துச் சுழற்றித் தள்ளினால் அது கர்லிங் கல்லுக்கு நேர்மாறான பக்கம் திரும்பும். கல்லின் முன்விளிம்பு பனியில் இடும் நுண்கீறல்கள் அதன் பின்விளிம்பை வழிநடத்துகின்றன என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் முன்வைத்த விளக்கத்தை வேறு சிலர் ஏற்கவில்லை. ஆடுபவருக்குத் தேவையானது இவ்வளவே: கல் வேகம் குறையக்குறைய அதிகம் வளைகிறது, ஆகவே வளைவின் பெரும்பகுதி பாதையின் கடைசிப் பகுதியில் நிகழ்கிறது. நல்ல தளத்தில் வட்டத்தில் வந்து நிற்கும் கல் ஒரு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். அதனால்தான் ஸ்கிப் தன் துடைப்பத்தை இலக்கின்மேல் வைக்காமல், அதற்குப் பக்கத்தில் விலகி வைக்கிறார். விடுபவர் இலக்கை மறந்துவிட்டுத் துடைப்பத்தை மட்டுமே நோக்கிச் சறுக்க வேண்டும்.

வேகம் காலிலிருந்து வர வேண்டும். கையிலிருந்து வரக் கூடாது. ஹேக்கை உந்தியது போதவில்லை என்று கடைசிக் கணத்தில் தோன்றும்போது கையை நீட்டிக் கல்லைத் தள்ளத் துடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசைக்கு இடங்கொடுத்தால் வேகமும் சரியாகாது, திசையும் கெடும். குறைந்த வேகத்திலேயே நேராக விட்டுவிடுங்கள்; மீதியைத் தேய்ப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் மூன்று வேகங்களைப் பழகினால் போதும்: வட்டத்துக்கு முன்னால் காவலாக நிற்கும் 'கார்டு', வட்டத்துக்குள் வந்து நிற்கும் 'டிரா', எதிரணிக் கல்லை அடித்து வெளியேற்றும் 'டேக்-அவுட்'. இவற்றுள் டிராவையே அதிகம் பழகுங்கள். ஒரு ஹாக் கோட்டிலிருந்து மற்ற ஹாக் கோடு வரை உள்ள 22 மீட்டரை டிரா வழக்கமாக 14 நொடி அளவில் கடக்கும். டேக்-அவுட் 10 நொடி அளவில் கடக்கும். தோழர் ஒருவர் நிறுத்துக் கடிகாரத்தோடு நிற்க, ஒவ்வொரு கல்லையும் விட்ட உடனே அது எடுக்கும் நேரத்தை நீங்களே வாய்விட்டு ஊகித்துச் சொல்லிவிட்டு, பிறகு கடிகாரத்தைக் கேளுங்கள். ஊகமும் கடிகாரமும் அரை நொடிக்குள் நெருங்கும்போது உங்கள் காலுக்கு வேகம் தெரியத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். திசைக்கான பயிற்சியைவிட இந்தப் பயிற்சியே விரைவில் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

தேய்ப்பும் குரலும்

துடைப்பத்தால் கல்லின் முன்னே வேகமாகத் தேய்க்கும்போது பனியின் மேற்பரப்பு மிகச் சிறிதளவு சூடேறி உராய்வு குறைகிறது. அதனால் கல் இன்னும் சில மீட்டர் கூடுதலாகச் செல்லும். அதன் வளைவும் குறையும். தேய்ப்பில் இரண்டு மட்டுமே கணக்கு: எவ்வளவு அழுத்தம், எவ்வளவு விரைவு. கைகளால் மட்டும் தேய்த்தால் அழுத்தம் வராது. கால்களைப் பின்னால் தள்ளி, தோள்களைத் துடைப்பத்தின் தலைக்கு மேலே கொண்டுவந்து, உடலின் எடையை அதன்மேல் இறக்க வேண்டும். வீச்சு குறுகியதாக, கல்லின் வளையம் படப்போகும் பாதையை மட்டும் மூடுவதாக இருக்கட்டும். ஓடும் கல்லைத் துடைப்பம் தொட்டுவிட்டால், தொட்டவரே அதை உடனே அறிவிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்து ஹாக் கோட்டுக்கு முன்பே தொட்டிருந்தால் கல் அகற்றப்படும். அதைக் கடந்த பிறகு தொட்டிருந்தால், எல்லாக் கற்களும் நிற்கும்வரை காத்திருந்து, என்ன செய்வது என்பதை எதிரணி முடிவு செய்யும்.

2015-16 பருவத்தில், சொரசொரப்பான புதுவகைத் துணி பொருத்திய துடைப்பத் தலைகள் கல்லை விரும்பிய பக்கம் திருப்பும் அளவுக்கு ஆற்றல் பெற்றுவிட்டன என்று முன்னணி ஆட்டக்காரர்களே எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். 2016 மே மாதத்தில் கனடாவின் கெம்ப்ட்வில்லில் ஆட்டக்காரர்களும் அறிவியலாளர்களும் கூடிச் சோதனை நடத்தினார்கள். அதன் பிறகு போட்டிகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட துணி மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. கல்லை விடுபவரின் திறமை பின்னுக்குப் போய்விடக் கூடாது என்ற அந்த அக்கறை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

யார் எதைப் பார்ப்பது என்ற பங்கீடு தெளிவாக இருக்க வேண்டும். தேய்ப்பவர்கள் கல்லின் அருகிலேயே நடப்பதால் வேகத்தை அவர்களே நன்றாக அறிவார்கள். பக்கவாட்டு விலகலை எதிர்முனையில் நிற்கும் ஸ்கிப்பால்தான் காண முடியும். எனவே வேகத்துக்காகத் தேய்ப்பதா என்பதைத் தேய்ப்பவர்கள் முடிவு செய்து உரக்கச் சொல்ல வேண்டும், திசைக்காகத் தேய்ப்பதா என்பதை ஸ்கிப் கூவ வேண்டும். பல அணிகள் கல் எங்கே நிற்கும் என்பதை ஒன்றுமுதல் பத்துவரை எண்ணால் குறித்துக்கொள்கின்றன: பட்டனில் நிற்கும் என்றால் ஓர் எண், வட்டத்தின் முன்விளிம்பில் நிற்கும் என்றால் வேறோர் எண். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் தென்கொரிய மகளிர் அணியின் ஸ்கிப் கிம் யுன்-ஜுங், தேய்ப்பவரான கிம் யோங்-மியின் பெயரையே வெவ்வேறு தொனிகளில் கூவிக் கட்டளைகளாகப் பயன்படுத்தினார். அந்தக் குரல் கொரியா முழுவதும் பேசப்பட்டது, அணி வெள்ளிப் பதக்கம் வென்றது. சொற்கள் எவையாக இருந்தாலும், அவற்றின் பொருள் ஆட்டத்துக்கு முன்பே நால்வருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எண்ணிக்கையும் உத்தியும்

ஓர் அணியில் நால்வர், வழக்கமாகக் கல் விடும் வரிசையில்: லீட், செகண்ட், தேர்ட், ஸ்கிப். ஒவ்வொருவரும் எதிரணியோடு மாறிமாறி இரண்டு கற்கள் விடுவார்கள். இரு அணிகளுமாக 16 கற்கள் முடிந்தால் ஒரு 'எண்டு' நிறைவடையும். பெரிய போட்டிகளில் 10 எண்டுகள், கிளப் ஆட்டங்களில் பெரும்பாலும் 8. பட்டனுக்கு மிக அருகில் கல் வைத்திருக்கும் அணி மட்டுமே புள்ளி பெறும். எதிரணியின் மிக அருகிலுள்ள கல்லைவிட நெருக்கமாக அதற்கு எத்தனை கற்கள் உள்ளனவோ அத்தனை புள்ளிகள். வட்டத்துக்கு வெளியே நின்று, அதன் விளிம்பைக்கூடத் தொடாத கல் கணக்கில் வராது.

எண்டின் கடைசிக் கல்லை விடும் உரிமைக்கு 'ஹேமர்' என்று பெயர். புள்ளி பெற்ற அணி அடுத்த எண்டில் ஹேமரை எதிரணிக்கு இழக்கிறது. யாருக்கும் புள்ளி இல்லையென்றால் ஹேமர் வைத்திருந்தவரிடமே தொடர்கிறது. இந்த ஒரே விதியிலிருந்துதான் உத்திகள் அனைத்தும் கிளைக்கின்றன. ஹேமர் உள்ள அணி இரண்டு புள்ளி எடுக்க முயலும். முடியாது என்று தெரிந்தால் ஒரு புள்ளிக்கு ஹேமரை விட்டுக்கொடுப்பதைவிட வட்டத்தைக் காலியாக்கிவிடவே விரும்பும். ஹேமர் இல்லாத அணி, எதிரணியை ஒற்றைப் புள்ளியோடு நிறுத்தப் பார்க்கும், அல்லது அதன் கடைசிக் கல்லையும் மீறிப் புள்ளியைத் திருடப் பார்க்கும். எனவே ஹேமர் உள்ளவர் நடுப்பாதையைத் திறந்து வைத்துப் பக்கவாட்டில் காவல் கற்களை இடுவதும், இல்லாதவர் நடுவில் காவல் இட்டு அதன் பின்னே ஒளிவதும் இயல்பு.

முன்பெல்லாம் காவல் கற்களை உடனுக்குடன் அடித்து அகற்றியே முன்னிலையைக் காத்துக்கொள்ள முடிந்தது, ஆட்டங்கள் சலிப்பூட்டின. கனடாவின் ரஸ் ஹவர்டு தம் பயிற்சிமுறையிலிருந்து உருவாக்கிய ஒரு விதி, 1990இல் மாங்க்டன் நகரில் நடந்த போட்டியில் சோதிக்கப்பட்டு, படிப்படியாக உலகெங்கும் ஏற்கப்பட்டது. இன்றைய வடிவில், எண்டின் முதல் ஐந்து கற்கள் விடப்படும்வரை, ஹாக் கோட்டுக்கும் டீ கோட்டுக்கும் இடையே வட்டத்துக்கு வெளியில் நிற்கும் எதிரணிக் கல்லை ஆட்டத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. மீறினால் அகன்ற கல் பழைய இடத்தில் வைக்கப்பட்டு, அடித்த கல் நீக்கப்படும். இந்த விதி வந்த பிறகு பின்தங்கிய அணிக்கும் மீண்டுவரும் வழி கிடைத்தது. கர்லிங் வரலாற்றின் மிகச் சிறந்த திருத்தம் இதுவே என்று தயங்காமல் சொல்வேன்.

கல்லோடு கல் மோதும் கோணங்களைக் கேரம் ஆடியவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். அங்கே இல்லாத ஒன்று, அடிக்க வரும் கல் வளைந்தபடியே வருகிறது என்பது. அதையும் கணக்கில் சேர்க்கப் பழக வேண்டும்.

பார்த்துக் கற்க வேண்டியவர்கள்

பெரிய ஆட்டங்களின் காணொளிகளைப் பார்ப்பது பயிற்சியின் ஒரு பகுதி. கர்லிங் 1924 ஷாமனி ஒலிம்பிக்கில் ஆடப்பட்டது. பிரிட்டனுக்காக ஆடிய ஸ்காட்லாந்து அணி வென்றது. அந்தப் பதக்கம் முறையானதே என்று ஒலிம்பிக் குழு 2006இல்தான் உறுதி செய்தது. 1998 நாகானோ முதல் இது நிலையான ஒலிம்பிக் விளையாட்டு. அந்த முதல் மகளிர் தங்கத்தை வென்ற கனடாவின் சாண்ட்ரா ஷ்மிர்லர், அதற்கு முன்பே மூன்று உலகப் பட்டங்கள் வென்றவர். 2000இல் 36 வயதில் புற்றுநோய்க்குப் பலியானார். அவருடைய அணி நீண்டகாலம் கலையாமல் ஒன்றாக ஆடியது; நால்வரிடையே சொல் குறைந்து புரிதல் கூடியிருப்பதை அதில் காணலாம். சுவீடனின் அனெட் நோர்பெர்க் 2006, 2010 என இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ் 2014 சோச்சியில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தோற்கவில்லை.

சுவீடனின் நிக்லாஸ் எடின் ஏழு உலகப் பட்டங்களும் 2022 ஒலிம்பிக் தங்கமும் வென்றவர். வேகக் கட்டுப்பாட்டுக்கு இவரைவிடச் சிறந்த பாடம் இல்லை. ஆனால் 2018 ஒலிம்பிக் இறுதியில் இவரையே ஜான் ஷூஸ்டரின் அமெரிக்க அணி வென்றது. 5-5 என்று சமநிலையில் இருந்தபோது, எட்டாவது எண்டின் கடைசிக் கல்லால் ஷூஸ்டர் இரண்டு எதிர்க்கற்களை வெளியேற்றி ஐந்து புள்ளி எடுத்தார். தொடக்கச் சுற்றில் நான்கு ஆட்டங்களைத் தோற்றிருந்த அணி அது. அந்த எண்டை முதல் கல்லிலிருந்து பார்த்து, ஹேமரை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கவனியுங்கள். சுவிட்சர்லாந்தின் சில்வானா திரின்சோனி 2019, 2021, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றபோது ஸ்கிப்பாக இருந்தாலும் கடைசிக் கற்களை விட்டவர் அலினா பேட்ஸ். முடிவெடுப்பவரும் கடைசிக் கல்லை விடுபவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. உங்கள் அணியில் யாருக்கு எது வருகிறது என்று பார்த்து இடங்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

இவர்கள் எல்லோரிடமும் காணும் ஒரு பண்பைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வது நல்லது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எதிரணியின் ஒவ்வொருவரோடும் கைகுலுக்குவார்கள். எதிரணி நல்ல கல் விட்டால் பாராட்டுவார்கள், எதிரணியின் தவற்றுக்கு ஆரவாரிக்க மாட்டார்கள். இனி வெல்ல வழியில்லை என்று தெரிந்ததும் தோற்கும் அணியே கைநீட்டி ஆட்டத்தை முடித்துக்கொள்வது வழக்கம். எதிரணி கல் விடும்போது ஹாக் கோடுகளுக்கு இடையே ஓரமாக, அசையாமல் நிற்க வேண்டும்; அடுத்துக் கல் விட வேண்டியவர் தம் பக்கத்து ஹேக்கின் அருகே காத்திருக்கலாம்.

நான்கு பேர் சேராதபோது

இருவர் மட்டும் இருந்தால் கலப்பு இரட்டையர் ஆட்டம் ஆடலாம். 2018 முதல் இதுவும் ஒலிம்பிக்கில் உண்டு. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்த அணிக்கு எண்டுக்கு ஐந்து கற்கள். அதோடு இரு அணிக்கும் ஒவ்வொரு கல் முன்கூட்டியே தளத்தில் வைக்கப்பட்டிருக்கும். விட்டவரே எழுந்து ஓடித் தன் கல்லைத் தேய்க்கலாம் என்பதால் உடலுழைப்பு கூடுதல், எண்டுகள் எட்டு. இங்கே புள்ளியில்லாத எண்டுக்குப் பிறகு ஹேமர் எதிரணிக்கு மாறிவிடும் என்பதை மறக்கக் கூடாது. 2022இல் இத்தாலியின் ஸ்டெஃபானியா கான்ஸ்டான்டினியும் அமோஸ் மோசானரும் தோல்வியே இல்லாமல் தங்கம் வென்ற ஆட்டங்கள் இதற்கு நல்ல பாடம்.

குந்த முடியாதவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடியில் மாட்டும் நீண்ட கோலைக் கொண்டு நின்றபடியே கல்லை விடலாம். சக்கர நாற்காலி கர்லிங்கிலும் அதே கோல்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. 2006 டூரின் முதல் அது பாராலிம்பிக் விளையாட்டு. அதில் தேய்ப்பே கிடையாது. கல் கையைவிட்டுப் போன பிறகு திருத்த வழியில்லாததால், வேகத்தைக் கற்க விரும்பும் எவரும், நடக்க முடிந்தவர்களும்கூட, ஒரு பயிற்சி முழுவதையும் தேய்ப்பு இல்லாமல் இந்த விதியின்படி ஆடிப் பார்க்கலாம்.